பெரிய டயருக்காக பிக்கப்பின் மட்கார்டை வெட்டக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என்னுடையது 2017 மாடல் இசுஸு வி-கிராஸ். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, வாரம் ஒரு தடவை வால்பாறை போய்வர வேண்டிய வேலை. மழைக்காலத்தில் தோப்புப் பாதையில் வண்டி அடிதட்டுகிறது என்றுதான் டயரைப் பெரிதாக்க நினைத்தேன். இத்தனை வருஷமும் ஒரு கீறல் விழாமல் வைத்திருந்த வண்டி அது. போன மாதம் அதன் முன் மட்கார்டுக்குள் கையை விட்டபோது என் விரல் கிழிந்தது.

கம்பெனி டயர் 245/70 ஆர்16; அதாவது அகலம் 245 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், ரிம் 16 அங்குலம். கோவையில் ஒரு மாடிஃபிகேஷன் பட்டறையில் 265/75 ஆர்16 போடச் சொன்னார்கள். "லிஃப்ட் கிட் எல்லாம் வேண்டாங்ண்ணா. உள்ள இருக்கற பிளாஸ்டிக்கை மட்டும் கொஞ்சம் டிரிம் பண்ணுனாப் போதும், அப்படியே உக்காந்துக்கும்" என்றார் அங்கிருந்தவர். லிஃப்ட் கிட் என்பது சஸ்பென்ஷனில் மாட்டி வண்டியை உயர்த்துகிற உதிரிகள். கூடவே வெளியே தள்ளி நிற்கிற மாதிரி அலாய் வீலையும் தலையில் கட்டினார். டயர், வீல், கூலி எல்லாம் சேர்த்து 1,35,000 ரூபாய்.

எனக்கு அங்கே யாரும் சொல்லாத கணக்கு இது. பழைய டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 749 மி.மீ., புதியது 804. வித்தியாசம் 55 மி.மீ. அதில் பாதிதான், சுமார் 27 மி.மீ., வண்டி தரையிலிருந்து உயரும். அதே 27 மி.மீ. டயர் மட்கார்டுக்குள்ளும் மேலே ஏறும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-ல் ஓடிக்கொண்டிருக்கும். போதாததற்கு வீலும் வெளியே தள்ளியிருந்தால், ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது டயர் சுற்றுகிற வட்டம் பெரிதாகி, முன்னால் பம்பர் ஓரத்திலும் பின்னால் கதவுக்கு முன்னே இருக்கிற தகட்டு மடிப்பிலும் போய் இடிக்கும். இதைச் சொல்லியிருந்தால் 265/70-லேயே நின்றிருப்பேன்.

சாயங்காலம் வண்டியைக் கொடுத்தார்கள். பட்டறை வாசலில் நேராக முன்னே பின்னே ஓட்டிக் காட்டினார்கள். சத்தமே இல்லை.

அடுத்த வாரம் பின்னால் உரமூட்டை ஏற்றிக்கொண்டு வால்பாறை கிளம்பினேன். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு என்பது தெரியும்தானே. மூன்றாவது வளைவிலேயே இடதுபக்கம் 'கர்ர்' என்று உரசல். ஏழாவதில் ரப்பர் கருகும் வாசனை. எட்டாவதில் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) எச்சரிக்கை லைட் எரிந்தது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பக்கம் ஓரங்கட்டி, சக்கரத்தை ஒடித்து வைத்துவிட்டு, போன் டார்ச்சோடு குனிந்து பார்த்தேன்.

மட்கார்டுக்கு உள்பக்கம் இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பை, அதாவது லைனரை, டிரிம் செய்யவே இல்லை. பாதியைப் பிய்த்து எறிந்திருந்தார்கள். அதற்குப் பின்னால், இரண்டு தகடும் சேர்கிற மடிப்பை ஒரு சாண் நீளத்துக்கு கட்டிங் மெஷினில் அறுத்து விட்டிருந்தார்கள். பிரைமர் இல்லை, சீலர் இல்லை, ஒரு கை பெயின்ட்கூட இல்லை. அறுத்த விளிம்பு ரம்பம் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது, அதன்மேல் ஒரே வாரத்தில் செம்பழுப்பாகத் துரு. டயரின் தோள்பட்டை அந்த விளிம்பில் பட்டுப் பட்டு நார் நாராக உரிந்திருந்தது. ஏபிஎஸ் சென்சார் ஒயரைப் பிடித்திருந்த கிளிப்பையும் காணோம். ஒயர் தொங்கி, டயரில் தேய்ந்து, உள்ளே செம்பு தெரிந்தது. மலைப் பாதையில், பாரத்தோடு. இப்போது எழுதும்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

மெதுவாகத் திருப்பி இறக்கிக்கொண்டு வந்தேன். அதோடும் முடியவில்லை. அந்த வாரம் பெய்த மழையில் கால்மிதிக்கு அடியில் கார்பெட் ஊறிக் கிடந்தது. கேபினுக்குள் தண்ணீர் வராமல் அடைத்து வைத்திருப்பதே அந்த மடிப்பும் அதிலுள்ள சீலரும்தான்.

பட்டறைக்கு போன் செய்தேன். "ஆஃப்ரோடு வண்டின்னா உரசத்தாங்ண்ணா செய்யும்" என்றார். போட்டோ அனுப்பினேன், பார்த்தார், பதில் இல்லை. நேரில் போனபோது, உங்களிடம் கேட்டுத்தான் வெட்டினோம் என்று சாதித்தார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் 'டயர், வீல் ஃபிட்டிங்' என்று ஒரே வரி. தகட்டு வேலை என்ற பேச்சே அதில் இல்லை. என்னென்ன வெட்டப் போகிறார்கள், எந்த இடத்தில், எவ்வளவு என்று எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பிறகு பொள்ளாச்சியில் வயதான ஒரு டிங்கர் அண்ணனிடம் போனேன். அவர் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. "வெட்டறது கடைசி வேலை தம்பி. இவனுக அதையே மொதல்ல செஞ்சுட்டானுக" என்றார். அவர் சொன்ன முறை இது: ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கிய நிலையில், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, இடிக்கிற இடத்தைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். ரிவர்ஸிலும் பார்க்க வேண்டும், அப்போது இடிக்கிற இடம் வேறு. லைனரை ஹீட் கன்னால் இளக்கித் தள்ளினாலே பாதிச் சிக்கல் தீரும். மடிப்பை அறுக்காமல் சுத்தியலால் தட்டிப் படுக்க வைத்து, சீலர் இழுத்து, பிரைமரும் அண்டர்கோட்டும் அன்றைக்கே அடிக்க வேண்டும். எனக்கு அறுந்த இடத்தில் தகடு வைத்து வெல்டு செய்து, மற்றதெல்லாம் முடிக்க 18,500 ஆனது. ஒயரும் சென்சாரும் தனி.

பட்டறையில் சொல்லாத இன்னொன்றும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டுவது வெட்டியவர் இல்லை, ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவர். அதனால் வீலையும் டயரையும் கழற்றி, பழைய அளவுக்கே திரும்பிவிட்டேன்.

கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் தயாராகிறது. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. டிங்கர் அண்ணன் வேலை தொடங்கும் முன்பே எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வைத்தேன். சரிசெய்த பிறகு எடுக்க எதுவும் மிஞ்சாது.

நான் வண்டி எடுக்கப் போன அன்று பக்கத்து ரேம்ப்பில் ஒரு வெள்ளை ஹைலக்ஸ் முன்சக்கரம் கழற்றி நின்றது. அதன் உரிமையாளர் இதைப் படித்தால், மலை ஏறும் முன் சக்கரத்தை ஒடித்து வைத்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே ஒரு தடவை பாருங்கள்.