ரோம் துறைமுகத்தில் 'இன்றைக்கு ரயில் இல்லை' என்று யாராவது சொன்னால்

கப்பல் சுற்றுலாவில் ரோம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மே மாதம் நானும் மனைவியும், சகலையும் கொழுந்தியாளுமாக நாங்கள் நாலு பேர் அங்கே ஒரு வேன்காரரிடம் 160 யூரோ கொடுத்து ஏமாந்தோம். நம் கணக்கில் 14,000 ரூபாய்க்கு மேல். பணம் போனதாவது போகட்டும், கப்பலையே தவறவிட்டிருப்போம். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் தெற்கு ரயில்வேயில் 33 வருஷம் புக்கிங் கவுன்ட்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவன். அந்த ஆள் என்னை விழுத்தியது "இன்றைக்கு ரயில் ஓடாது" என்ற ஒரே சொல்லில்.

கப்பல் கம்பெனி விளம்பரத்தில் 'ரோம்' என்றுதான் போட்டிருப்பார்கள். கப்பல் ரோமில் நிற்காது. நிற்கிற ஊரின் பெயர் சிவித்தாவெக்கியா, ரோமுக்கு வடமேற்கே சாலை வழியாகக் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். டிராஜன் என்ற ரோமப் பேரரசர் காலத்திலிருந்தே துறைமுகம். கரையிலேயே மைக்கேலாஞ்சலோ பெயரில் ஒரு பெரிய கோட்டை நிற்கிறது. ரோமிலிருந்து இந்த ஊருக்கு 1859-இல் ரயில் பாதை போட்டுவிட்டார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால் 1856-இல்தான் ரோமின் முதல் பாதையே திறந்தது, பக்கத்திலுள்ள ஃப்ராஸ்காத்திக்கு. நம் ராயபுரம் ஸ்டேஷன் திறந்ததும் அதே 1856. இதையெல்லாம் புறப்படுவதற்கு முன்பே படித்து வைத்துக்கொண்டு சகலையிடம் பெருமையாக அளந்தவன் நான். அதைச் சொல்லாமல் விட்டால் அவர் விடமாட்டார்.

காலை 7 மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தது. மாலை 7-க்குப் புறப்பாடு, 6.30-க்குள் எல்லாரும் ஏறியாக வேண்டும் என்று முந்தின இரவே அறைக்குத் தாள் வந்திருந்தது. கப்பல்காரர்களே பஸ் விடுகிறார்கள். சும்மா ரோமில் இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றிவருவதற்கே ஆளுக்கு 80 யூரோவுக்குக் கிட்டக் கேட்டார்கள். ரயில் இருக்கும்போது எதற்கு என்று நான்தான் வேண்டாம் என்றேன். அந்த முடிவில் தப்பில்லை, இன்றும் அதையேதான் சொல்வேன்.

கப்பல் நிற்கிற இடத்திலிருந்து துறைமுகத்தின் இலவச பஸ் ஒன்று வெளிப்பக்கம் கொண்டுவந்து விடுகிறது. இறங்குகிற இடத்தின் பெயர் லார்கோ தெல்லா பாச்சே. பாச்சே என்றால் சமாதானமாம். பெயர்தான் சமாதானம். இறங்கியதுமே டாக்ஸி, வேன், டூர் என்று நாலு பக்கமும் சூழ்ந்துகொள்வார்கள். அங்கிருந்து ஸ்டேஷனுக்குக் கடலை ஒட்டி நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிஷம். காசு கொடுத்துப் போகிற பஸ்ஸும் உண்டு.

நாங்கள் நடக்க ஆரம்பித்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை மாதிரி ஏதோ, சிரித்துக்கொண்டே வந்தார். "இந்தியா? நமஸ்தே! ஸ்டேஷனா? நோ ட்ரெயின் டுடே. ஷோப்பெரோ." புரியவில்லை என்றதும் "ஸ்ட்ரைக், ஸ்ட்ரைக்" என்று செல்போனை நீட்டினார். ஒரு சுவரொட்டியின் படம். மேலே கொட்டை எழுத்தில் அதே சொல், கீழே இத்தாலிய மொழியில் நாலைந்து வரி. சகலை அந்தத் திரையை அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அவருக்கு எதையும் போட்டோ எடுக்கிற பழக்கம். கடைசியில் அதுதான் உதவியது.

ஸ்ட்ரைக் என்றதும் எனக்கு வேறு கேள்வியே எழவில்லை. 1974 மே மாதத்து ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது அப்பா பொன்மலைப் பணிமனையில் இருந்தார். அன்றைக்கு நான் சின்னப் பையன். இருபது நாள், ஆட்களைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் 'ஸ்ட்ரைக்' என்பது சும்மா உதிர்க்கிற வார்த்தை கிடையாது. அது நடந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று என் ரத்தத்தில் ஊறியிருந்தது. "ஸ்டேஷனுக்கே போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாமா சகலை?" என்று கூட வந்த சகலை கேட்டார். "ஸ்ட்ரைக்குன்னா கவுன்ட்டர்லகூட ஆள் இருக்க மாட்டான்" என்றேன், பெரிய அனுபவசாலி மாதிரி.

இத்தாலியில் விஷயமே வேறு என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அங்கே ஸ்ட்ரைக் அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் சில மணி நேரம் அல்லது ஒரு நாள். 1990-இல் வந்த சட்டப்படி ரயில் மாதிரி அத்தியாவசியச் சேவைகளில் குறைந்தது பத்து நாள் முன்னாலேயே அறிவிக்க வேண்டும். போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் தேதிவாரியாகப் பட்டியலே கிடக்கிறது. அதோடு, வேலை நாட்களில் ஸ்ட்ரைக் நடந்தாலும் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்களை ஓட்டியே ஆக வேண்டும். நாங்கள் அந்த ஆளிடம் மாட்டியபோது மணி எட்டேகால், நாள் செவ்வாய்க்கிழமை. நிஜமாகவே ஸ்ட்ரைக்காக இருந்திருந்தாலும் அந்நேரத்துக்கு ரயில் ஓடியிருக்கும்!

பேரம் பேசினோம். ஆளுக்கு 50 கேட்டவர் 40-க்கு இறங்கியதும் எங்களுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. போக வர இரண்டுக்கும் சேர்த்து முழுப் பணமும் முதலிலேயே. ரசீது கேட்டதற்கு "ஆஃப்டர், ஆஃப்டர்". வேனில் ஏற்றிவிட்டு மிச்ச இடம் நிரம்புகிற வரைக்கும் நாற்பது நிமிஷம் காக்க வைத்தார். கடைசியில் எங்கள் கப்பலிலேயே வந்த ஒரு வயதான ஸ்பெயின்காரத் தம்பதி ஏறினார்கள். அவர்களிடமும் அதே சுவரொட்டி, அதே 'ஷோப்பெரோ'. அங்கே உரிமம் பெற்ற வாடகை வண்டிகளில் என்.சி.சி. என்ற எழுத்துகள் இருக்கும். எங்கள் வண்டியில் இருந்ததா என்று நாங்கள் யாருமே பார்க்கவில்லை.

பத்தரைக்கு வாட்டிகன் மதிலோரம், ஜெபமாலை விற்கிற கடை வாசலில் இறக்கினார். "மூன்று மணிக்கு இதே இடம்." கடைக்குள்ளே ஒரு சுற்று சுற்றிவந்த பிறகுதான் சதுக்கத்துக்கு வழி காட்டினார். போகிற வழியில் இன்னொருவர் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக்கு 'வரிசையில் நிற்காத டிக்கெட்' ஆளுக்கு 30 என்றார். அந்தத் தேவாலயத்துக்குள் போக டிக்கெட்டே கிடையாது. பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றால் போதும். நல்ல வேளை, கொழுந்தியாளுக்கு அது தெரிந்திருந்தது. உள்ளே பார்த்ததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பார்த்த நேரத்தைவிட வரிசையில் நின்ற நேரம் அதிகம்.

மூன்று மணிக்கு ஜெபமாலைக் கடை வாசலில் ஆறு பேரும் ஆஜர். 3.20. 3.40. ஸ்பெயின்காரரிடம் வேன்காரர் ஒரு அட்டை கொடுத்திருந்தார். அதிலிருந்த எண்ணுக்கு அவர் அடிக்க, போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கடைக்காரரிடம் கேட்டால் அப்படி ஒருவரை எனக்குத் தெரியவே தெரியாது என்று உதட்டைப் பிதுக்குகிறார். காலையில் இரண்டு பேரும் தோளில் கைபோட்டுப் பேசியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

என் மனைவிதான் முதலில் நகர்ந்தாள். "என்னங்க, அவன் வரமாட்டான். ஸ்டேஷன் எங்க இருக்குன்னு பாருங்க."

"ட்ரெயின்தான் இல்லையே."

"ட்ரெயின் இல்லாட்டியும் ஸ்டேஷன்ல மனுஷங்க இருப்பாங்கல்ல."

வாட்டிகனுக்குத் தெற்கே பத்துப் பதினைந்து நிமிஷ நடையில் ரோமா சான் பியெத்ரோ என்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. பிளாட்பாரத்தில் நின்றால் தேவாலயத்தின் குவிமாடம் தெரியும். உள்ளே நுழைந்ததும் புறப்பாட்டுப் பலகையைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ரயில்தான். சிவித்தாவெக்கியா பெயர் மட்டும் இரண்டு இடத்தில். ரத்தான வண்டி என்றால் 'கான்செல்லாத்தோ' என்று போடுவார்கள், ஒன்றுக்குக்கூட அது இல்லை. நம்பிக்கை வராமல் அங்கிருந்த ஒரு பெண்ணிடம் "ஷோப்பெரோ?" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு விரலை இடவலமாக ஆட்டினார்.

டிக்கெட் ஆளுக்கு 4 யூரோ 60 சென்ட். நாலு பேருக்கு 18.40. போக வரக் கணக்குப் போட்டாலும் 36.80. நாங்கள் கொடுத்தது 160. இந்த ரயிலில் போக வர, ரோமுக்குள் மெட்ரோ, பஸ் எல்லாம் சேர்த்து நாள் முழுக்கச் சுற்றுகிற டிக்கெட்டே ஆளுக்கு 12 யூரோவுக்குக் கிடைக்கிறது, 'பிர்க்' என்று கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இதிலும் மாட்டப் பார்த்தோம். காகித டிக்கெட் வாங்கினால் அப்படியே ஏறக் கூடாது. நம் ஊரில் கவுன்ட்டரிலேயே தேதி, நேரம் அச்சாகி வந்துவிடும். அங்கே பிளாட்பாரத்துப் பக்கம் சுவரில் ஒரு சின்ன இயந்திரம் இருக்கிறது, அதில் டிக்கெட்டைச் செருகினால் டக்கென்று முத்திரை விழும். அது இல்லாவிட்டால் கையில் டிக்கெட் இருந்தும் அபராதம். எங்களுக்கு முன்னால் போன ஒரு கிழவர் செருகுவதைப் பார்த்துத்தான் நாங்களும் செருகினோம். செல்போனில் வாங்கினால் அதிலேயே செக்-இன் என்று ஒன்று செய்ய வேண்டும்.

வண்டி பத்து நிமிஷம் தாமதமாக வந்தது. லாதிஸ்போலி தாண்டினதும் கடல் வந்துவிடும், இடது பக்கம் உட்கார்ந்தால் அழகு என்று காலையில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன். அதே லாதிஸ்போலிக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. ஒரு நிமிஷம், மூன்று, ஆறு. சகலை என் முகத்தையே பார்க்கிறார். "அவுட்டர்ல நிக்குது, விட்டுடுவான்" என்றேன். காலையில் என் பேச்சைக் கேட்ட பலன் தெரிந்தவர், பதில் சொல்லவில்லை. எட்டாவது நிமிஷம் வண்டி நகர்ந்தது. சாந்தா மரினெல்லாவில் கடல் ரயிலுக்கு அவ்வளவு பக்கத்தில் வருகிறது. யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிவித்தாவெக்கியாவில் இறங்கும்போது 5.25. ஸ்பெயின்கார அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் வேகத்துக்குத்தான் எல்லாரும் நடந்தோம். லார்கோ தெல்லா பாச்சேயில் துறைமுகப் பஸ் பிடித்து, கப்பல் படியேறியபோது 6.10.

வெளி வண்டியில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கப்பல்காரர்களின் சொந்தச் சுற்றுலாவில் போனவர்கள் வர நேரமானால்தான் நிற்கும். அவர்கள் அந்த 80 யூரோ வாங்குவதில் பாதி இதற்குத்தான். எங்களுக்கு மறுநாள் நேப்பிள்ஸ். ரோம் தெர்மினியிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரப் பாதை, பிடித்திருக்கலாம். அடுத்த துறைமுகம் வேறு நாட்டில் என்றால் என்ன செய்வோம்? பாஸ்போர்ட் நாலும் அறையின் பெட்டகத்தில் கிடந்தன. நகல்கூட எங்கள் கையில் இல்லை. நீங்கள் நகலாவது வைத்துக்கொள்ளுங்கள். ரோமிலிருந்து திரும்புகிற வண்டியை, ஏற வேண்டிய நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் புறப்படுகிற மாதிரி பாருங்கள். அப்போதுதான் ஒன்றை விட்டாலும் அடுத்தது இருக்கும்.

கப்பல் வரவேற்பு மேஜையில் புகார் சொன்னோம். வெளி வண்டிக்கு எங்கள் பொறுப்பு இல்லை என்றார்கள். துறைமுகத்தின் தகவல் கவுன்ட்டர், எங்களை இறக்கிவிட்ட பஸ் நிற்கிற இடத்திலேயே இருக்கிறது என்றும் சொன்னார்கள். அதைத் தாண்டித்தான் காலையில் நடந்திருக்கிறோம். 33 வருஷம், "வெளியில டீக்கடைக்காரர் ட்ரெயின் இல்லேன்னாரே சார்" என்று வந்து நிற்பவர்களிடம், "கவுன்ட்டர் எதுக்குய்யா இருக்கு?" என்று நான் எரிந்து விழுந்திருக்கிறேன்.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் பரிமாறியவர் இத்தாலிக்காரர். சகலை அந்தப் போட்டோவைத் திறந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவர் தட்டை வைத்துவிட்டுக் குனிந்து படித்தார். கொட்டை எழுத்துக்குக் கீழே 'ஸ்க்வோலா' என்று ஒரு சொல், அதற்கு அடுத்து முந்தின மாதத் தேதி. பள்ளிக்கூட ஆசிரியர்களின் வேலைநிறுத்த அறிவிப்பாம். எங்கள் நாலு பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ரொம்ப அக்கறையாகத்தான் கேட்டார்: "உங்க பிள்ளைங்க இங்கேயா படிக்கிறாங்க?"