டெர்டிஸ் மாடல் வயோலா: வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலினைப்போலவே தோளில் வைத்து வாசிக்கிற, அதைவிடச் சற்றுப் பெரிய கருவி வயோலா. அதன் அடிநாதம் கனமாக வேண்டும், ஆனால் பெரிய கருவியைத் தோள் தாங்கவில்லை என்று தவிக்கிறவர்கள், லயனல் டெர்டிஸ் என்ற வயோலா கலைஞர் வகுத்த அளவில் செய்யப்படும் டெர்டிஸ் மாடல் ஒன்றை வாசித்துப் பார்க்காமல் வேறு எதற்கும் பணம் கட்ட வேண்டாம். நான் லண்டனில் ஒரு அமெச்சூர் ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலா வாசிக்கிறேன். பழைய கருவிகள் விற்கும் கடை ஒன்றில் வாங்கிய டெர்டிஸ் மாடல்தான் சில வருடங்களாக என் தோளில் இருக்கிறது.

வயோலாவின் சங்கடம் அதன் அளவில்தான் இருக்கிறது. வயலினைவிட அது ஒரு ச-ப தூரம் கீழே பேச வேண்டும். வயலின் உடலின் நீளம் 14 அங்குலம். அந்தக் கணக்கில் வயோலாவின் உடல் ஒன்றரை மடங்காக, 21 அங்குலமாக இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய கருவியை யாரும் தாடையில் இடுக்கி வாசிக்க முடியாது. அதனால் 15 முதல் 17 அங்குலத்துக்குள் ஏதோ ஓர் அளவில் செய்கிறார்கள். சின்னதாகப் போனால், ஆகக் கீழே ஒலிக்கும் சி தந்தி ஜலதோஷம் பிடித்த குரல்போல ஒலிக்கும். பெரிதாகப் போனால் இடது கை வலிக்கும், தோள் போய்விடும்.

இந்தச் சிக்கலோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் லயனல் டெர்டிஸ். 1876 டிசம்பர் 29-இல் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹார்ட்டில்பூலில் பிறந்தவர். செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் ஸ்பெயினில் பிறந்ததும் அதே நாள்தான். லண்டன் ராயல் அகாடமியில் வயலின் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நால்வர் குழுவில் வயோலாவுக்கு ஆள் தேவைப்பட்டது. அப்படி எடுத்தவர் கீழே வைக்கவேயில்லை. வயலினில் தேறாதவர்களுக்கு என்று வயோலாவை ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. டெர்டிஸ் அதைத் தனிக்கருவியாக மேடையேற்றினார். யார்க் போவென், ஆர்னால்ட் பாக்ஸ், ஆர்தர் பிளிஸ், வான் வில்லியம்ஸ் என்று ஆங்கில இசையமைப்பாளர்கள் எல்லோரும் அவருக்காக எழுதினார்கள். அகாடமியிலேயே ஆசிரியராகவும் இருந்தார். பின்னாளில் இசையமைப்பாளர்களான எரிக் கோட்ஸும் ரெபேக்கா கிளார்க்கும் அவரிடம் கற்றவர்கள்.

1920-இல் பாரிஸில் அவர், மொன்டாக்னானா என்ற பழைய இத்தாலியக் கைவினைஞர் செய்த வயோலா ஒன்றை வாங்கினார். 17 அங்குலத்துக்கும் மேல் நீளம். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் இல்லை, தந்தி இல்லை, விரல்பலகைகூட இல்லாத நிலையில் கிடைத்த கருவி. அந்த அளவுக்குப் பெட்டியும் கிடைக்காததால் மனைவியின் மழைக்கோட்டில் சுற்றி எடுத்துவந்தார்கள். அதில் கிடைத்த நாதத்தை விடவும் மனமில்லை. எல்லோராலும் அவ்வளவு பெரிய கருவியைச் சுமக்க முடியாது என்பதும் தெரியும். 1937-இல் வலது கை வலியால் மேடையிலிருந்து விலகிய பிறகு, ஆர்தர் ரிச்சர்ட்சன் என்ற கருவி செய்பவரோடு உட்கார்ந்து புதிய அளவு ஒன்றை வகுத்தார். 16¾ அங்குலம், அதாவது சுமார் 42.5 சென்டிமீட்டர். நாதத்தைக் கூடிய மட்டும் விடாமல், சராசரி கைக்கு எட்டுகிற நீளம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதற்கு அடுத்து அவர் செய்ததுதான்: வரைபடத்தைப் பூட்டி வைக்கவில்லை, செய்ய விரும்பிய கருவிக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். தன்னிடம் பாடம் கேட்க வராதவர்களுக்கும் ஆசிரியராக இருந்த மனிதர்!

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் இதில்தான் இருக்கிறது. டெர்டிஸ் மாடல் என்பது ஒரு கம்பெனியின் பெயர் இல்லை, ஒரு வரைபடத்தின் பெயர். பல நாடுகளில் பலர் செய்திருக்கிறார்கள். ஒன்று பிரமாதமாக இருக்கும், பக்கத்தில் இருப்பது சுமாராக இருக்கும். பெயரைப் பார்த்து விலை பேசாதீர்கள், சி தந்தியைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

நான் சோதித்துப் பார்த்த விதம் இது. ஆங்கில இசையமைப்பாளர் எல்கர், தனி செல்லோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்க எழுதிய செல்லோ கான்செர்ட்டோவை டெர்டிஸ் வயோலாவுக்கு மாற்றி அமைத்தார். 1930-இல் லண்டன் குவீன்ஸ் ஹாலில் அவர் அதை வாசித்தபோது ஆர்க்கெஸ்ட்ராவை எல்கரே நடத்தினார். அதன் மெதுவான பகுதிக்கு சி தந்தியை இன்னும் ஒரு முழுச் சுரம் தளர்த்தி, பி பிளாட்டுக்கு இறக்க வேண்டும். கடையில் அப்படி இறக்கிவிட்டு வில்லை நீளமாக இழுத்தேன். சாதாரண வயோலாவில் தந்தி தொளதொளத்துப்போகிற இடம் அது. இதில் நாதம் உடையாமல், மார்பெலும்பில் அதிர்ந்தது. அன்றே எடுத்துக்கொண்டேன்.

குறைகளும் உண்டு. என் கருவியின் அடிப்பாகம் நல்ல அகலம். உடல் வடிவத்தில் வரும் பெட்டிகள் எதிலும் உட்காரவில்லை. உள்ளே நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய நீள்சதுரப் பெட்டிதான் சரிப்பட்டது. அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆக மேலே ஒலிக்கும் ஏ தந்தியின் ஒலி கொஞ்சம் கூர்மை. மிருதுவான தந்தி போட்ட பிறகு அடங்கியது. குள்ளமானவர்கள், கை சிறியவர்கள் 16 அங்குலத்துக்குக் கீழேயே தேடுவது நல்லது. டெர்டிஸ் சொன்ன அளவு என்பதற்காகத் தோளை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

அப்புறம், கடையில் பத்து நிமிடம் வாசித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர்கள் தயங்காமல் சம்மதிப்பார்கள். ஒரு முழு ஒத்திகைக்குக் கொண்டுபோய், கடைசி அரைமணி நேரத்தில் இடது தோள் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.