நான்கு ஆண்டு பென் டேப்லெட்டும் பதினேழு கிராம் அழுத்தமும்

கல்லூரியில் எனக்கு இரண்டு ஆண்டு இளையவள் ஒருத்தி சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். “அக்கா, நீங்கள் வைத்திருக்கும் அதே பென் டேப்லெட் இப்போது விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா?” பேனாவால் ஒரு பலகையில் வரைந்தால் கணினித் திரையில் கோடு விழும் கருவி அது, நான்கு ஆண்டுகளாக நான் நாள்தோறும் கையாளும் பொருள்தான். ஆனாலும் வாங்கு என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் கேட்பதற்குப் பத்து நாள் முன்புதான் அதன் பேனா பழுதாகி, மாற்றுப் பேனா வந்திருந்தது. அந்த மாற்றுப் பேனாவோடு நான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. திரையில்லாத டேப்லெட், பத்து அங்குல அகலம், பேட்டரி தேவைப்படாத பேனா, அதன் அழுத்தத்தைப் பிரித்தறியும் 8192 நிலைகள் என்ற விவரங்கள் விளம்பரத்திலேயே இருக்கின்றன என்பதால், விளம்பரத்தில் இல்லாத ஒன்றைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

இதில் நான் வரைபவை கேலிச்சித்திரங்கள். திரைப்படங்களில் நடப்பதையும் மாணவர் விடுதியில் நடப்பதையும் அடுத்தடுத்த இரண்டு கட்டங்களில் வைத்து வரைவது என் வழக்கம். படத்தில் வெடிகுண்டின் கடிகாரம் ஒரு விநாடியில் நிற்கும்போது நாயகன் சரியான கம்பியை வெட்டிவிடுகிறான். பக்கத்துக் கட்டத்தில், கெடு முடிய ஒரு விநாடி இருக்கையில் ஒப்படைப்பைப் பதிவேற்றும் மாணவனின் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. படங்களில் யாருமே சார்ஜரைத் தேடுவதில்லை. படங்களில் காபிக் கோப்பையைப் பிடித்தபடி கையை வீசிப் பேசுபவர்களைக் கவனித்தால் கோப்பைக்குள் ஒரு சொட்டுக்கூட இல்லை என்பது மணிக்கட்டின் அசைவிலேயே தெரிந்துவிடும். எடையில்லாத அந்தக் கோப்பையை மட்டுமே வைத்து ஒரு தொடரே வரைந்திருக்கிறேன். நான் இந்த வேலையை விளையாட்டாகச் செய்வதில்லை. பார்ப்பவர் சிரிக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு கோடும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட கோடுகளில் எனக்கு முதன்மையானது கீழ் இமைக் கோடு. ஒரு முகத்தில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால், வாயில் இருப்பதைவிடக் கண்ணின் கீழ் இமையில்தான் அதிகம் இருக்கிறது. வாய் இறுகியிருக்க, கீழ் இமை மட்டும் சற்றே மேலேறி இருந்தால் அந்த ஆள் பொய் சொல்கிறான். வாய் விரிந்து சிரிக்க, கீழ் இமை அசையாமல் இருந்தால் அவன் மேலதிகாரியின் நகைச்சுவைக்குச் சிரிக்கிறான். அந்தக் கோடு இல்லாததுபோல் தொடங்கி, நடுவில் மயிரிழை அளவு தடித்து, மீண்டும் இல்லாமல் போக வேண்டும். இந்த டேப்லெட் அந்தத் தொடக்கத்தையும் முடிவையும் விழுங்கிவிடுகிறது. மெல்லத் தொட்டால் கோடு விழுவதே இல்லை. சற்று அழுத்தினால், இல்லாமையிலிருந்து பிறக்க வேண்டிய கோடு வெட்டிவைத்த கம்பித் துண்டுபோல நடுவிலிருந்தே தொடங்குகிறது.

இதற்கு ஓர் அளவு இருக்கிறது. பேனா முனை பலகையைத் தொட்டதாகக் கருவி ஒப்புக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச அழுத்தத்தைத் தொடக்க அழுத்தம் என்கிறார்கள். அதை வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசின் மேல் டேப்லெட்டை வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, பேனாவைச் செங்குத்தாக மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே போனால், திரையில் முதல் புள்ளி தோன்றும் நொடியில் தராசு காட்டும் எண்தான் அது. என் பழைய பேனாவில் 9 கிராம் வந்தது. மாற்றுப் பேனாவில், ஐந்து முறை அளந்தும் 17 கிராமுக்குக் குறையவில்லை. பேனாவின் மொத்த எடையே 14 கிராம்தான். பழைய பேனாவை விரல்களில் தளர்வாகப் பிடித்து இழுத்தால் அதன் எடையிலேயே கோடு விழும். புதியதை அப்படி இழுத்தால் வெற்றுத் திரைதான் மிஞ்சும்.

8192 நிலைகள் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அவை அத்தனையும் இந்த 17 கிராமுக்கு மேல்தான் தொடங்குகின்றன. எண்ணாயிரத்துச் சொச்சம் படிகளைச் செதுக்கிவிட்டு முதல் படியை இடுப்பு உயரத்தில் வைத்ததைப் போன்றது இது. கேலிச்சித்திரம் வரைபவருக்கு அந்த முதல் படிதான் தேவை. மேலே இருக்கும் படிகளில் பாதியை எடுத்துவிட்டாலும் என் கண்ணுக்கோ கைக்கோ வேறுபாடு தெரியாது.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பேனா வேலை செய்யும் முறை எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. பலகையின் அடியில் இருக்கும் கம்பி வலை மாறும் காந்தப் புலத்தை எழுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் சிறு கம்பிச்சுருளும் மின்தேக்கியும் அந்தப் புலத்துக்கு ஒத்ததிர்ந்து பதில் அனுப்புகின்றன. அந்தப் பதிலை வைத்தே பேனா எங்கே இருக்கிறது என்று பலகை கண்டுகொள்கிறது. முனையை அழுத்தும்போது ஒத்ததிர்வு அதிர்வெண் சற்றே நகர்கிறது, அதுவே அழுத்தமாகப் படிக்கப்படுகிறது. பேட்டரி இல்லாத ஒரு குச்சி இவ்வளவும் செய்கிறது. தொடக்க அழுத்தத்தை மிகவும் குறைத்து வைத்தால், பேனா தொடாமலே தொட்டதாகப் பலகை நினைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

என் பழைய பேனாவுக்கு வந்த நோய் அதுதான். ஏறத்தாழ நான்கு ஆண்டு ஒழுங்காக உழைத்த பிறகு ஒரு நாள் அதன் அழுத்த உணரி சிக்கிக்கொண்டது. பேனாவைப் பலகைக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் கொண்டுபோனாலே மை ஒழுகத் தொடங்கியது. நாயகனின் மூக்கை முடித்துவிட்டுக் காதுக்குக் கையைக் கொண்டுபோனால், மூக்கிலிருந்து காதுவரை ஒரு கோடு இழுபட்டு வந்தது. முனையைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினேன், வேறு கணினியிலும் செருகிப் பார்த்தேன். ஒழுகல் நிற்கவில்லை. பழுதுபார்க்க அனுப்பியதில் இந்த 17 கிராம் பேனா வந்து சேர்ந்தது. தராசுப் படத்தோடு புகார் எழுதினேன். பேனா அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அந்த அளவு எத்தனை கிராம் என்று கேட்டு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. முந்தைய பேனா சொல்லாமலே பேசியது, இந்தப் பேனா கத்தினால்தான் திரும்பிப் பார்க்கிறது. இரண்டும் ஒரே மாடல் எண்ணைத் தாங்கியவை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்று தீர்மானிக்கும் அழுத்த வளைகோட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று பலரும் சொன்னார்கள். நான் வரையும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளிலும் டிரைவரிலும் அந்த வளைகோட்டைத் திருத்தலாம், நானும் திருத்தினேன். அது பலகை உணர்ந்த அழுத்தத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ காட்டுமே தவிர, பலகை உணராத தொடுகையை எங்கிருந்தும் கொண்டுவராது. படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கிக்கொண்டு இமைக் கோட்டைத் தடிமனாக வரைந்து, பிறகு இருபுறமும் அழிப்பானால் சீவி எடுப்பது மற்றொரு வழி. இப்போது அப்படித்தான் செய்கிறேன். கோடு கூர்மையாகத்தான் வருகிறது, ஆனால் அதில் உயிர் இல்லை. பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் ஒனொரே தோமியே 19ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு கலந்த கரிக்கோலால் ஏறத்தாழ 4000 கல்லச்சுப் படங்கள் வரைந்தார். பிரான்சின் அரசர் லூயி பிலிப்பைக் கேலி செய்த படத்துக்காக 1832இல் சிறைக்கும் போனார். அவருடைய படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம், கல்லின் சொரசொரப்பில் கரிக்கோல் பட்டும் படாமலும் போன இடங்களில்தான் என் கண் நிற்கிறது. பட்டும் படாமலும் என்ற அந்த நிலையை ஒரு கல் அவருக்குக் கொடுத்தது. என் டேப்லெட் அதை எனக்குத் தர மறுக்கிறது.

வாங்குபவர் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை ஒன்றும் உண்டு. இந்த டேப்லெட்டின் வரையும் பரப்பில் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16:10, என் திரையில் 16:9. பரப்பு முழுவதையும் திரை முழுவதற்கும் பொருத்தினால் கை வரையும் வட்டம் திரையில் பத்தில் ஒரு பங்கு தட்டையாகிறது. சாதாரண ஓவியம் வரைபவர் அன்றே கண்டுபிடித்துவிடுவார். கேலிச்சித்திரத்தில் முகங்கள் எப்படியும் மிகைப்பட்டே இருப்பதால், இரண்டு மாதங்கள் என் நாயகர்கள் எல்லாரும் ஒரேபோலத் தாடை அகன்று வந்ததன் காரணம் டிரைவர் அமைப்பில் இருந்தது எனக்குப் பிடிபடவில்லை. கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் ‘காரிகேச்சர்’ என்ற சொல், சுமையேற்றுதல் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. எந்த முகத்தில் எங்கே சுமையேற்ற வேண்டும் என்பது வரைபவரின் முடிவாக இருக்க வேண்டும்; கருவி எல்லா முகத்திலும் ஒரே இடத்தில் சுமையேற்றினால் அது கேலி ஆகாது. பரப்பின் உயரத்தைக் குறைத்து 16:9 ஆக்கிய அன்று பழைய படங்களில் ஏழெட்டை மீண்டும் வரைந்தேன்.

இவ்வளவு கோபத்துக்குப் பிறகும் ஒரு மகிழ்ச்சியைச் சொல்லாமல் விட முடியாது. வாங்கும்போது அது என் கணக்கிலேயே இல்லை. திரையில்லாத டேப்லெட்டில் கை மேசையில் இருக்கும், கண் கணினித் திரையில் இருக்கும். தொடக்கத்தில் எல்லாரும் இதைக் குறையாகவே சொல்வார்கள், கை பழகவும் சில வாரங்கள் பிடிக்கும். பழகிய பின், திரையின் இடப் பாதியில் திரைப்படத்தை ஓடவிட்டு வலப் பாதியில் வரையலாம். தாளில் வரையும்போது தலை குனிந்து நிமிர்வதற்குள் நடிகரின் ஓரப்பார்வை போய்விடும். அந்தப் பார்வை அரை விநாடிதான் நிற்கிறது, விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் பன்னிரண்டு ஃபிரேம். இதில் தலை குனிவதே இல்லை. வில்லன் தன் அடியாளைப் பார்க்காமல் அடியாளின் காலணியைப் பார்த்ததை, நாயகியின் தோழி வசனம் இல்லாத நேரத்தில் கேமரா எங்கே என்று கண்ணாலேயே தேடியதை, படத்தை ஒருமுறைகூட நிறுத்தாமல் பிடித்திருக்கிறேன். இரண்டு மணி நேரப் படத்துக்கு நாற்பது ஐம்பது சிறு கோட்டோவியங்கள் சேர்ந்துவிடும். வகுப்பிலும் விடுதியிலும் மனிதர்களைப் பார்க்கும் என் பார்வையே இந்தப் பழக்கத்தால் மாறியிருக்கிறது. இமையை நான் கவனிக்கத் தொடங்கியதே இந்த டேப்லெட்டால்தான். அதை வரையவிடாமல் தடுப்பதும் இதே டேப்லெட்தான்.

மற்றவை சிறு விஷயங்கள். பிளாஸ்டிக் முனை உளிபோலச் சாய்ந்து தேயும், அந்த விளிம்பு பலகையைக் கீறுவதற்குள் மாற்றிவிட வேண்டும். கேபிள் செருகும் இடம் மூன்றாம் ஆண்டில் தளர்ந்து, ஒருமுறை சால்டர் வைக்க நேர்ந்தது. பக்கவாட்டுப் பொத்தான்களை நான் தொடுவதே இல்லை.

இளையவளுக்கு வாங்க வேண்டாம் என்றுதான் எழுதினேன். எந்த டேப்லெட் ஆனாலும், பேனாவைத் தன் கையில் பிடித்து, அதன் எடையிலேயே இழுத்துப் பார்த்து, கோடு விழுந்தால் மட்டும் வாங்கு என்றும், தொலைவிலிருந்து வரவழைத்தால் திருப்பி அனுப்பும் நாட்கள் முடிவதற்குள் தராசில் வைத்துப் பார் என்றும் சேர்த்தேன். “அப்படியானால் நீங்கள் புதிது வாங்கும்போது இதை எனக்குத் தருவீர்களா அக்கா?” என்று உடனே கேட்டாள். தர மாட்டேன் என்று பதில் அனுப்பிவிட்டேன். நேற்றிரவு ஓடவிட்ட படத்தில் வில்லனின் இடக் கண்ணைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். இன்றிரவு அந்தக் கீழ் இமையை மீண்டும் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும்.