கோடையைத் தாண்டும் டேஷ்கேம்: லென்ஸுக்கு முன்னால் கார்டைப் பாருங்கள்

டேஷ்கேம் (காரின் முன்கண்ணாடியில் ஒட்டி, ஓட்டத்தைப் பதியும் கேமரா) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது படத்தின் தெளிவு 4கேயா, 2கேயா என்றுதான். சில வருடம் பயன்படுத்தியவர்களிடம் பேசினால் கேள்விகளே வேறு. உள்ளே இருப்பது பேட்டரியா, கெபாசிட்டரா? எந்த மெமரி கார்டு போட்டிருக்கிறது? வண்டி நிற்கும்போதும் பதியும் பார்க்கிங் மோடு ஓடுகிறதா? மாதக்கணக்கில் ரெக்கார்டிங் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, தேவைப்பட்ட நாளில் ஃபைலைக் காணோம் என்பதுதான் அடிக்கடி கேட்கும் புகார். பெரும்பாலும் அதற்குக் காரணம் கார்டு. கார்டைக் கெடுப்பது வெயிலும், அதில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருப்பதும்.

வெயிலில் இருந்தே தொடங்கலாம். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொட்டுவிடும். கேமரா கண்ணாடியை ஒட்டியே இருக்கிறது, அதன் சிப்பும் தன் பங்குக்குச் சூடாகிறது. சாதாரண லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வதே கூடாது. அந்தச் சூட்டில் அது உப்பி, மூடியைப் பிளந்து, கடைசியில் கேமராவை ஆன் ஆகவிடாமல் செய்துவிடும். சூப்பர் கெபாசிட்டர் வைத்த மாடலில் இந்தத் தொல்லை கிடையாது. வண்டியை அணைத்ததும் கடைசி ஃபைலை ஒழுங்காக மூடி வைக்கும் சில நொடிகளுக்கு மட்டும் அது மின்சாரம் தருகிறது, நமக்கும் அதற்கு மேல் தேவையில்லை. பேட்டரி வைத்த மாடல் ஆயிரம் ரூபாய் மலிவாகக் கிடைத்தாலும் நம் ஊருக்கு வேண்டாம். கெபாசிட்டர் மாடல்கள் சிலவற்றில், வண்டி பல நாள் நின்றால் கடிகாரம் பின்னுக்குப் போய்விடும். ஜிபிஎஸ் இருந்தால் நேரம் தானாகச் சரியாகும். முதல் நாளே நேர மண்டலத்தை +5:30 என்று மாற்றிவிடுங்கள்.

சென்சார் விஷயத்தில் பெட்டியின் மேல் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். உண்மையான 4கேக்கு 3840×2160, அதாவது 8 மெகாபிக்சலுக்கு மேல் வேண்டும். 5 மெகாபிக்சல் சென்சாரின் படத்தை இழுத்துப் பெரிதாக்கி 4கே என்று விற்கும் மாடல்கள் உண்டு. சோனியின் ஸ்டார்விஸ் 2 சென்சார் வரிசையில் ஐஎம்எக்ஸ்678 என்றால் 4கே, ஐஎம்எக்ஸ்675 என்றால் 1440பி, அதாவது 2கே. இரண்டுமே இரவில் பழைய சென்சார்களை விடத் தெளிவு. அன்றாட ஓட்டத்துக்கு 1440பி போதும் என்பதே எங்கள் கணிப்பு, கார்டுக்கும் சுமை குறைவு. எந்த சென்சாராக இருந்தாலும், இரவில் வேகமாகக் கடக்கும் வண்டியின் நம்பர் பிளேட் கலங்கித்தான் தெரியும். வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும், எழுத்து இழுபட்டுவிடும். மைக்கை ஆனில் வைத்திருந்து, கண்ணில் பட்ட நம்பரை உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். குரல் பதிவாகிவிடும்.

இனி கார்டு. கணக்கு எளிது. 26 எம்பிபிஎஸ் (நொடிக்கு 26 மெகாபிட்) பிட்ரேட்டில், அதாவது வீடியோ பதியும் வேகத்தில், ஒரு மணி நேரத்துக்கு சுமார் 11.7 ஜிபி எழுதப்படும். தினம் 2 மணி நேரம் ஓட்டினால் 23 ஜிபிக்கு மேல். 64 ஜிபி கார்டு மூன்று நாளுக்குள் நிரம்பி, பழையதை அழித்து மேலே எழுதத் தொடங்கும். முன்னும் பின்னும் இரண்டு கேமரா என்றால் பிட்ரேட் 45ஐத் தொடும், மணிக்கு 20 ஜிபி. போனிலும் ஸ்டில் கேமராவிலும் போடும் கார்டு இந்த அளவு எழுதுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பல சாதாரண கார்டுகளின் வாரண்டி விதிகளிலேயே டேஷ்கேமும் சிசிடிவியும் விலக்கப்பட்டிருக்கும். வாங்கும் முன் அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

அதனால் 'எண்டியூரன்ஸ்' என்று போட்ட கார்டுதான் வேண்டும். அதிலும் தரம் வேறுபடும். சான்டிஸ்க் ஹை எண்டியூரன்ஸ் 128 ஜிபிக்கு நிறுவனம் சொல்வது 10,000 மணி நேரப் பதிவு, அதே நிறுவனத்தின் மேக்ஸ் எண்டியூரன்ஸுக்கு 60,000. சாம்சங் ப்ரோ எண்டியூரன்ஸ் 128 ஜிபிக்கு 70,080. இவை எல்லாம் 26 எம்பிபிஎஸ்ஸை வைத்துப் போட்ட கணக்கு என்பதால், இரண்டு கேமரா ஓடினால் ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். தினம் 2 மணி நேரம் மட்டும் ஓட்டுபவருக்கு 10,000 மணி நேரமே தாராளம். ஆனால் 24 மணி நேரமும் பார்க்கிங் ரெக்கார்டிங் ஓடினால் அதே 10,000 மணி நேரம் 416 நாளில் தீர்ந்துவிடும். கார்டு வருடத்துக்கு ஒன்று போகிறது என்பவர்களின் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இந்த மோடைத்தான். பார்க்கிங் மோடு கட்டாயம் தேவை என்றால் டைம்லாப்ஸிலோ (இடைவெளி விட்டுப் படம் எடுப்பது), அசைவு தெரிந்தால் மட்டும் பதியும் வகையிலோ வையுங்கள். உச்சி வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் வண்டியில் அதையும் அணைத்துவிடுவது நல்லது. கார்டின் தாங்குவரம்பு 85 டிகிரி என்று எழுதியிருந்தாலும், சூட்டோடு சூடாக எழுதுவது அதன் ஆயுளைக் கரைக்கும்.

வேகத்துக்கு யு3 அல்லது வி30 முத்திரை போதும். அது நொடிக்கு 30 எம்பி எழுதும் உத்தரவாதம், கேமரா கேட்பதோ 6 எம்பிதான். ஏ1, ஏ2 முத்திரைகள் போனில் ஆப் ஓட்டுவதற்கானவை, இங்கே பயனில்லை. கொள்ளளவு பெரிதாக இருந்தால் கார்டின் ஒவ்வொரு செல்லிலும் திரும்பத் திரும்ப எழுதப்படுவது குறையும். எனவே கேமரா ஏற்கும் வரம்புக்குள் 128 அல்லது 256 ஜிபி எடுப்பது லாபம்.

போலி கார்டு சந்தையில் நிறையவே புழங்குகிறது. வாங்கியதும் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 128 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் போல ஆகும். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

மோதலையும் குலுக்கலையும் உணரும் ஜி-சென்சாரைக் குறைந்த உணர்திறனில் வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வேகத்தடையும் பள்ளமும் ஒரு 'விபத்து' ஆகி, அந்த ஃபைல்கள் பூட்டப்பட்டு, பழையதை அழித்து மேலே எழுதும் லூப்புக்கு இடமே இல்லாமல் போகும். மாதம் ஒருமுறை வேண்டியதை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்வது நல்ல பழக்கம். ஃபார்மட் செய்த பிறகும் பழைய ஃபைல்கள் திரும்ப முளைத்தால், கார்டு தேய்ந்துபோய் எழுத மறுக்கிறது என்று பொருள். அதைக் காப்பாற்ற வழியில்லை, மாற்றிவிடுங்கள். ஃபைல்களின் நேரத்தில் இடையிடையே நிமிடங்கள் விடுபட்டிருப்பதும், கேமரா அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆவதும் அதற்கு முந்தைய அறிகுறிகள்.

பார்க்கிங் மோடுக்காகக் கேமராவைக் காரின் பேட்டரியோடு இணைக்கும் ஹார்ட்வயர் கிட் போடுபவர்கள், அது மின்சாரத்தை நிறுத்தும் மின்னழுத்த அளவை 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறக்க வேண்டாம். அந்த அளவில் லெட் ஆசிட் பேட்டரியில் பாதி சார்ஜ்தான் மீதம், 11.8 வரை விட்டால் காலையில் வண்டி கிளம்பாது. ஃப்யூஸ் பெட்டியில் செருகும் ஃப்யூஸ் டேப் போட்டு மின்சாரம் எடுங்கள், ஒயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள். முன்கண்ணாடியின் பக்கத் தூணான ஏ-பில்லரில் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் ஒயர் அதன் பின்னால் போக வேண்டும், குறுக்கே போகவே கூடாது. கண்ணாடியின் மேல் விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் உள்ள பகுதியில் ஒட்டினால் பிடிக்காது. வைப்பர் துடைக்கும் இடத்துக்குள், ரியர்வியூ மிரருக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

விபத்து நடந்தால் முதலில் ஃபைலை அழியாமல் பூட்டும் லாக் பட்டனை அழுத்துங்கள். வண்டியை ஓரங்கட்டியதும் கேமராவை அணைத்துக் கார்டை எடுத்துவிடுங்கள். இரண்டு கேமரா, 64 ஜிபி என்றால் மூன்று மணி நேரத்தில் பழையது அழிந்துவிடும். ஃபைலை நகலெடுங்கள், அதை வெட்டவோ வாட்ஸ்அப்பில் சுருக்கவோ வேண்டாம். அசல் கார்டைத் தனியே எடுத்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சான்றிதழ் வேண்டும். அதன் படிவத்தில் ஃபைலின் ஹேஷ் மதிப்பையும் (ஃபைலில் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறி) நிரப்ப வேண்டும். அதனால் நகலெடுத்த அன்றே எஸ்எச்ஏ256 என்ற வகை ஹேஷ் மதிப்பைக் கணக்கிட்டு, தேதியோடு எழுதி வைத்துவிடுங்கள்.