கிணற்றடிச் சுவரில் எழுதிய எண்: ஐபி தொலைபேசியோடு ஏழு வருடங்கள்

கோவை கணபதியில் எங்களுக்கு பம்ப்செட் உதிரிபாகக் கடை. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரத்தில் கிளைகள். புஷ், இம்பெல்லர், மெக்கானிக்கல் சீல், வைண்டிங் ஒயர் என்று பாதிக்கு மேல் வியாபாரம் போனில்தான். 2018 ஆகஸ்டில் பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டியை (ஒரு லைனைக் கடைக்குள் பல போன்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) கழற்றிவிட்டு ஐபி தொலைபேசிக்கு, அதாவது இணைய நெட்வொர்க் வழியாகப் பேசும் போனுக்கு மாறினோம். மாறிய புதிதில் எழுதியிருந்தால் செலவு மிச்சத்தைப் பற்றி மட்டும்தான் எழுதியிருப்பேன். ஏழு வருடம் பயன்படுத்தியபிறகு சொல்ல வேண்டியது வேறு.

பழைய ஏற்பாட்டின் தொல்லை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐப்பசி மழை பிடித்தால் லைனில் கரகரப்பு ஆரம்பித்துவிடும். மண்ணுக்கடியில் கேபிளில் தண்ணீர் இறங்கி, நாலு நாள் போன் செத்துக் கிடக்கும். பெட்டிக்கு ஒரு கார்டு போனால் அந்தக் கம்பெனி கார்டேதான் வேண்டும், அது கிடைக்காது. பார்த்துப் பார்த்து அலுத்து, ஒரு சின்ன கம்ப்யூட்டரில் ஆஸ்டெரிஸ்க் போட்டோம். மார்க் ஸ்பென்சர் 1999-ல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. சாதாரண கம்ப்யூட்டரையே எக்ஸ்சேஞ்சாக மாற்றிவிடும். ஒன்பது ஐபி போன்கள், அவற்றுக்கு நெட்வொர்க் ஒயரிலேயே கரண்ட் கொடுக்கும் ஒரு சுவிட்ச், வெளி அழைப்புக்கு ஒரு எஸ்ஐபி டிரங்க் (இணையம் வழியாக வரும் போன் லைன்). எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே.

முதல் சிக்கல் எண். எங்கள் 0422 எண் அப்பா காலத்தில் வாங்கியது. பில்லில், காலண்டரில், டெம்போ கதவில் எல்லாம் அதுதான். அவினாசிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனபோது, மோட்டார் ரூம் சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணைக் கரியால் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். எழுதியவர் இறந்து பல வருடம் ஆகிறது. மகன் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் எங்களைக் கூப்பிடுகிறார். அப்படிப்பட்ட எண்ணை விட முடியுமா? ஆனால் நம் நாட்டில் மொபைல் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், லேண்ட்லைன் எண்ணை மாற்ற வழியில்லை. தென் கொரியாவில் இணையத் தொலைபேசிக்கு 070 என்று தனி எண் கொடுத்துப் பார்த்துவிட்டு, 2008-லேயே பழைய வீட்டு எண்ணோடு மாறலாம் என்று அனுமதித்துவிட்டார்கள். ஜப்பானில் 050, சிங்கப்பூரில் 3-ல் தொடங்கும் எண் என்று ஒவ்வொரு நாடும் ஒரு வழி கண்டது. நமக்கும் இந்த வசதி வந்தே ஆக வேண்டும். என்னைப் போன்ற சிறு கடைக்காரர்கள் மாறத் தயங்குவதற்கு முதல் காரணமே இதுதான்.

வேறு வழியில்லாமல் பழைய காப்பர் லைனை அப்படியே வைத்துக்கொண்டு, அதை ஐபிக்கு மாற்றித்தரும் ஒரு சிறு பெட்டியை நடுவில் வைத்தோம். மூன்று வருடம் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டு. கூப்பிட்டவர் போனை வைத்தாலும் பெட்டிக்குத் தெரியாது, லைன் பிஸியாகவே கிடக்கும். தொலைபேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் பிஸி டோனை அளந்து பெட்டியில் பதிந்தபிறகுதான் சரியானது. 2021-ல் தெருவுக்கு அதே நிறுவனத்தின் ஃபைபர் வந்து, அதே எண்ணை அதிலேயே கொடுத்துவிட்டார்கள். அப்புறம் மழைக்கும் கரகரப்புக்கும் உறவு அறுந்தது.

இப்போது நான் பெரிதாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பழைய போனில், நாம் எடுக்காத அழைப்பு அப்படியே காற்றோடு போய்விடும். இதில் ஒவ்வொன்றும் நேரத்தோடு பதிவாகிறது. மாறிய இரண்டாவது மாதம் அந்தப் பட்டியலை அச்செடுத்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் தினமும் பத்துப் பன்னிரண்டு அழைப்புகள். கடை திறப்பது ஒன்பதுக்கு. இத்தனை வருடம் இவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருக்கிறார்கள். காரணம் யோசித்ததும் புரிந்தது: மும்முனை மின்சாரம். கரண்ட் வரும் நேரத்தில்தான் விவசாயி மோட்டாரைப் போடுகிறார், ஓடாவிட்டால் அந்த நொடியே நம்மைக் கூப்பிடுகிறார். பகலில் எட்டு மணிக்கு மேல் அவர் டவுனுக்குக் கிளம்பி, முதலில் கண்ணில் படும் கடைக்குள் நுழைந்துவிடுவார்.

காலை ஆறு மணி முதல் வரும் அழைப்பு எங்கள் மெக்கானிக் அண்ணனின் கைபேசிக்குத் திரும்பும்படி அமைத்தோம். அதற்குத் தனி அலவன்ஸ். முதல் வாரம் அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “தம்பி, எடுத்தவுடனே எல்லாரும் ‘ஏனுங்க, கடை தொறந்துட்டீங்களா’ன்னு ஆச்சரியமாக் கேக்கறாங்க.” போனிலேயே பாதிக் கோளாறு தீர்ந்துவிடும், ஃபியூஸ் போயிருக்கும், அல்லது ஒரு ஃபேஸ் வராமல் இருக்கும். மீதிப் பேருக்கு ஒன்பது மணிக்குச் சாமான் தயாராக இருக்கும்.

கொரோனா ஊரடங்கில் கடை பூட்டியிருந்த நாட்களிலும் இதே ஏற்பாடுதான் கைகொடுத்தது. பங்குனி, சித்திரை வெயிலில் பயிர் காய்ந்துகொண்டிருந்த நேரம். 0422 எண்ணுக்கு யார் கூப்பிட்டாலும், வீட்டில் இருந்த நாலு பேரில் ஒருவர் எடுத்தோம்.

நான் தோற்றுப்போன விஷயத்தையும் சொல்ல வேண்டும். ‘விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும், சர்வீஸுக்கு இரண்டை அழுத்தவும்’ என்று ஒரு குரலைப் பதிந்து வைத்தோம். பெரிய கம்பெனி மாதிரி இருக்கும் என்று எனக்கு ஆசை. பட்டியலைப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு விநாடியிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். பொங்கலூரிலிருந்து நேரில் வந்த பெரியவர் ஒருவர், “நாம் பேசறது எதுவும் அந்தப் பொண்ணு காதுல வாங்க மாட்டேங்குதுங்க” என்றார். மூன்றாவது வாரமே எடுத்துவிட்டேன். மணி அடித்தால் மனிதர் எடுக்க வேண்டும். விவசாயிகளோடு தொழில் செய்பவர்கள் இந்தக் குரலை வைக்கவே வேண்டாம்.

கரண்ட் விஷயத்தில் பழைய போன் ராஜா. எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துவிடும், ஊரே இருட்டானாலும் போன் அடிக்கும். ஐபி போன் அப்படி இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை வரை மின்சாரம் நிறுத்தும் நாளில், எங்கள் பழைய யுபிஎஸ் பதினொரு மணிக்கு மூச்சை விட்டது. அன்றைக்கு முழுக்க கடை ஊமை. அப்புறம் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டரை போனுக்கும் ரௌட்டருக்கும் மட்டுமே ஒதுக்கினோம். இந்தச் செலவை யாரும் கொட்டேஷனில் காட்டுவதில்லை. நீங்கள் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெட் வேகம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். குரலை நெட்டில் அனுப்பும் ஜி.711 என்ற முறையில் ஒரு அழைப்புக்குச் சுமார் 87 கேபிபிஎஸ் போதும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. வேகத்தைவிட, குரல் துண்டுகள் சீராக வந்து சேர்வதுதான் முக்கியம். ஒருவர் பேசியது மறுமுனைக்குப் போக 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது. எங்களுக்கு மாலை ஆறு மணிக்குக் குரல் வெட்டி வெட்டி வந்தது. தேடிப் பார்த்தால் சிசிடிவி காட்சிகள் அந்த நேரத்தில்தான் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருந்தன. ரௌட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்ததும் தீர்ந்தது. நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை என்றால் ரௌட்டரில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்ற வசதியை (போன் அழைப்புத் தகவலில் ரௌட்டரே கைவைத்து மாற்றுவது) அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு.

2019-ல் ஒரு ஞாயிறு இரவு, எங்கள் எக்ஸ்சேஞ்சுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். தப்பு எங்களுடையது. 101 என்ற உள் இணைப்புக்கு 101 என்றே பாஸ்வேர்டு வைத்திருந்தோம், இணையத்திலிருந்து எக்ஸ்சேஞ்சை நேராக எட்டும் வாசலான 5060 போர்ட்டையும் திறந்து விட்டிருந்தோம். விடிவதற்குள் முந்நூற்றுச் சொச்சம் முறை பெயர் தெரியாத நாடுகளுக்கு அழைக்க முயற்சி. ஐஎஸ்டியை டிரங்கிலேயே பூட்டி வைத்திருந்ததால் ஒரு அழைப்பும் போகவில்லை. பூட்டாமல் இருந்தால் அந்த மாத லாபம் முழுக்கப் போயிருக்கும். திங்கள் காலை எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றி, வெளி வாசலை அடைத்தோம்.

சட்டத்தையும் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரலிலேயே அனுமதி வந்தது. ஆனால் இணையத்திலிருந்து உள்நாட்டு போன் எண்ணுக்குப் பேச 2018 வரை பொறுக்க வேண்டியிருந்தது. கிளைகளுக்குள் நாங்கள் இன்டர்காம் போல இலவசமாகப் பேசிக்கொள்கிறோம். ஆனால் கோவைக்கு வந்த வெளி அழைப்பை அப்படியே இணையம் வழியாகப் பொள்ளாச்சிக்குத் தள்ளலாமா என்று கேட்டபோது, பொருத்திக் கொடுத்தவர் முதல் நாளே மறுத்துவிட்டார். அது எஸ்டிடி (வெளியூர் அழைப்பு) பாதையைத் தாண்டிப் போவதாகிவிடும், விதிக்கு மீறியது என்றார். எண்ணைக் குறித்துக்கொண்டு பொள்ளாச்சிக் கிளையிலிருந்தே திருப்பிக் கூப்பிடச் சொல்கிறோம். சிம் பாக்ஸ் (பல சிம் கார்டுகளைச் செருகி இணைய அழைப்பை மொபைல் அழைப்பாக மாற்றும் பெட்டி) வைத்து மலிவாகப் பேச வைக்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள், அது போலீஸ் வழக்கில் முடியும்.

செலவு? மாத போன் பில் பாதிக்கும் கீழே வந்தது உண்மை. ஆனால் மொபைலில் இன்றைக்கு வரம்பில்லாமல் பேச முடிகிறது. பில்லைக் குறைக்க மட்டும் இதற்கு மாறாதீர்கள். ஒரே எண்ணில் நாலு பேர் எடுக்கவும், எடுக்காமல் விட்டது கண்ணுக்குத் தெரியவும் வேண்டுமென்றால் மாறுங்கள். 2021 ஜனவரியில் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்ற விதி வந்தபோது, நாங்கள் ஆஸ்டெரிஸ்க்கில் ஒரே வரியைத் திருத்தினோம். ஊழியர்களுக்குத் தெரியவே தெரியாது.

இப்போது பலர் தேய்ந்த புஷ்ஷை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். அதற்காக 0422 எண்ணிலேயே வாட்ஸ்அப் பிசினஸும் தொடங்கிவிட்டோம். தாராபுரம் கிளையில் மட்டும் இன்னும் பழைய காப்பர் லைன் ஓடுகிறது. தை மாதத்துக்குள் ஃபைபர் இழுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 04258 எண் மாறாது என்று எழுதிக் கொடுத்தபிறகுதான் அங்கே ஒயரைக் கழற்றுவேன்.