மக்ராஸ் பாரம்பரியப் பண்ணைகள், கெர்ரி: தொழுவத்தை விட்டுவிடாதீர்கள்

அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில், கில்லார்னி ஊருக்குத் தெற்கே சுமார் 6 கி.மீ., தேசியப் பூங்காவுக்குள், மக்ராஸ் மாளிகையை ஒட்டி இருக்கிறது இந்தத் திறந்தவெளி அருங்காட்சியகம். சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று பண்ணைகள். மின்சாரம் எட்டிப் பார்க்காத 1930, 40களின் கிராமத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். வருபவர்களில் பலர் சமையலறை அடுப்பைப் பார்த்த திருப்தியில் கிளம்பிவிடுகிறார்கள். ஆடுமாடு வளர்ப்பவர்கள் நேரே கொல்லைப்புறம் போக வேண்டும்.

முதலில் கெர்ரி மாடு. முழுக்கக் கறுப்பு, சின்ன உடம்பு. பசுவின் எடை 350 முதல் 450 கிலோதான். மழை ஓயாத இந்தச் சதுப்பு மண்ணுக்கு அதுவே வரம்: கனத்த மாடு மிதித்தால் புல்தரை சேறாகிவிடும், இது அவ்வளவாக மிதித்துக் கெடுக்காது. மட்டமான புல்லிலும் பால் கறக்கும்.

அக்காலத் தொழுவங்களில் கவனிக்க வேண்டியது மாடு நிற்கும் மேடையின் நீளம். கூடிப்போனால் சாணி படுக்கையிலேயே விழும். மடி அழுக்காகி மடிநோய் வரும். குறைந்தால் பின்னங்கால்கள் சாணிக் கால்வாயில் நின்று குளம்பு ஊறும். படுக்கைக்கு வைக்கோல், அது போதாத வீட்டில் கோரை அல்லது காய்ந்த பெரணி. குளிருக்குப் பயந்து காற்றோட்டத்தை அடைத்தால் மாடுகளின் மூச்சு கூரையில் நீராய்க் கோத்துச் சொட்டும்; கன்றுகளுக்கு முதலில் நுரையீரல் கெடும். கன்றைக் கொல்வது குளிரைவிட இந்த ஈரம்தான்.

சுவரின் வெள்ளைப் பூச்சு அழகுக்கு மட்டுமல்ல. நீற்றிய சுண்ணாம்பின் காரம் கிருமியை அழிக்கும். கோழிக் கூட்டில் கோழி உட்காரும் கழியின் முனையையும் கல் இடுக்கையும் பூசாமல் விட்டுவிட்டால் பயனில்லை. சிவப்புச் செள்ளு பகலெல்லாம் அங்கே ஒளிந்திருந்து, இரவில்தான் வெளியே வந்து இரத்தம் குடிக்கும். பொழுது சாய்ந்ததும் கூட்டை அடைக்காவிட்டால் நரி பார்த்துக்கொள்ளும்.

பன்றிக்கு உருளைக்கிழங்கு வேகவைத்தே போட்டார்கள்: பச்சைக் கிழங்கின் மாவு சரியாகச் செரிக்காது. பச்சை நிறம் ஏறியதும் முளை விட்டதும் நஞ்சு.

கழுதையின் அருகே சற்று நின்று முடியைப் பாருங்கள். குதிரையின் முடியில் மழைநீர் வழிந்தோடும், இதன் முடியில் அப்படி வழியாது; நனைந்தால் தோல்வரை ஊறும். அதனால் கூரை கட்டாயம் வேண்டும். ஈர மண்ணில் குளம்பு தேயாமல் நீண்டுகொண்டே போகும், 6 முதல் 10 வாரத்துக்கு ஒருமுறை செதுக்க வேண்டும். செழித்த புல்லில் அவிழ்த்துவிட்டால் குளம்பழற்சி வந்து நடக்கவே முடியாமல் போகும்.

மூன்று பண்ணைகளையும் நடந்து பார்க்க மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் மூடியிருக்கும், தேதி பார்த்துப் போங்கள். வெயில் அடித்தாலும் முழங்கால்வரை வரும் ரப்பர் காலணி நல்லது.