முத்திரை பிரியாமல் திரும்பி வந்த டப்பாக்கள்

சிறிய அளவில் முகக் கிரீம், லோஷன் தயாரிப்பவர்கள் ஆய்வகத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

புதிதாகத் தயாரித்த கிரீமில் ஆறு டப்பாக்களை எடுத்து, முத்திரைத் தாள் ஒட்டி ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பாகுநிலை (கிரீம் எவ்வளவு கெட்டி என்பது), பிஎச் (அமில, காரத் தன்மை), நிலைப்புத்தன்மை (நாளானாலும் பிரியாமல், கெடாமல் இருப்பது) ஆகிய மூன்றையும் சோதிக்கச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டாம் நாளே அறிக்கை வந்துவிட்டது. ‘40 டிகிரியில் 3 மாதம், மாற்றம் இல்லை’ என்று அதில் ஒரு வரி. பன்னிரண்டு நாளில் மூன்று மாதச் சோதனை எப்படி முடியும் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கையெழுத்தையும் முத்திரையையும் நம்பிக் கேட்காமல் விட்டேன்.

விற்பனை தொடங்கிய ஐந்தாவது வாரம் முதல் புகார் வந்தது. மேலே எண்ணெய் மிதக்கிறது, அடியில் நீர் நிற்கிறது என்றார்கள். அடுத்தடுத்து அதே புகார். அந்த பேட்ச் முழுவதையும் திரும்பப் பெற்றேன். என்னை நம்பி முகத்தில் பூசியவர்களுக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

பிறகுதான் அறிக்கையை வரி வரியாகப் படித்தேன். பாகுநிலை ‘18,000 சென்டிபாய்ஸ்’ என்று மட்டும் இருந்தது; சென்டிபாய்ஸ் என்பது பாகுநிலையை அளக்கும் அலகு. எந்த ஸ்பிண்டில் (கிரீமுக்குள் சுழன்று அளக்கும் தண்டு), நிமிடத்துக்கு எத்தனை சுற்று, என்ன வெப்பநிலை என்ற விவரம் எதுவும் இல்லை. கிரீமைப் பொறுத்தவரை இவை இல்லாத எண்ணுக்குப் பொருளே கிடையாது. வேகமாகச் சுழற்றினால் கிரீம் இளகும். மெதுவாகச் சுழற்றினால் கெட்டியாகக் காட்டும். ஒரே டப்பாவை 10 சுற்றில் அளந்தால் ஓர் எண், 50 சுற்றில் அளந்தால் வேறோர் எண். தண்டைச் சுழற்றத் தேவைப்படுவதாகக் கருவி காட்டும் முறுக்குவிசையும் அதன் முழு அளவில் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த அளவீட்டை நம்பக் கூடாது. முந்தைய பேட்ச்சுக்கு அதே ஆய்வகம் கொடுத்த அறிக்கையைத் தேடி எடுத்தேன். அதிலும் அதே 18,000. இரண்டு பேட்ச்சுகள் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போவதை நான் பார்த்ததே இல்லை.

ஆய்வகங்களின் திறனுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்தானே என்று நினைத்திருந்தேன். அங்கீகாரம் உண்மைதான். ஆனால் அது எந்தெந்தச் சோதனைகளுக்கு என்று ஓர் இணைப்புப் பட்டியல் உண்டு. அதில் கன உலோகங்களும் நுண்ணுயிர்களும் இருந்தன. பாகுநிலையும் நிலைப்புத்தன்மையும் இல்லை. அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்காமல் மாதிரியைக் கொடுக்காதீர்கள். மாதிரி வெப்ப அறைக்குள் போன தேதியையும் வெளியே வந்த தேதியையும் எழுத்தில் கேளுங்கள்.

என்னிடம் மீதமிருந்த ஒரு டப்பாவை வேறோர் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். வேகமாகச் சுழற்றி எண்ணெயும் நீரும் பிரிகிறதா என்று பார்க்கும் மையவிலக்குக் கருவியில், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் அரை மணி நேரம் வைத்தார்கள். குழாயின் மேல் எண்ணெய் வளையமாகத் திரண்டு நின்றது. விற்பனைக்கு முன் இந்த அரை மணி நேரத்தைச் செலவிட்டிருந்தால் ஒரு டப்பாகூட வெளியே போயிருக்காது.

முதல் ஆய்வகத்திடம் மாதிரிகளைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். பல நாள் இழுத்தடித்த பிறகு வந்தன. ஆறில் ஐந்து டப்பாக்களில் நான் ஒட்டிய முத்திரைத் தாள் பிரிக்கப்படவே இல்லை.